ஸ்டாலினின் மகள் பிள்ளைகளை விட்டு ஓடியவர்தானா?

கேள்வி இது: "ஸ்டாலினின் மகள் ஸ்வெத்லானா பெற்ற பிள்ளைகளை மாஸ்கோவில் விட்டுவிட்டு டெல்லி வழியாக அமெரிக்காவுக்கு ஓடிப்போனார், அப்பாவைப் பற்றிப் புத்தகம் எழுதிக் காசு பார்த்தார் என்கிறார்கள். அவ்வளவுதானா அவர்? இந்தியா ஏன் அவரை வைத்துக்கொள்ளவில்லை?"

பிள்ளைகளை விட்டுப் போனது உண்மை. அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. காசுக்காக எழுதினார் என்பது மட்டும் தவறு. 'நண்பருக்கு இருபது கடிதங்கள்' என்ற அந்தப் புத்தகத்தை அவர் 1963 கோடையில், மாஸ்கோவுக்கு வெளியே ஒரு கிராமத்தில், 35 நாளில் எழுதி முடித்தார். நாட்டை விட்டுப் போகும் எண்ணம் அப்போது அவருக்குக் கிடையாது. அந்தக் கையெழுத்துப் பிரதியை அச்சிட சோவியத் நாட்டில் ஒரு பதிப்பகமும் துணியாது. எழுதி வைத்துக்கொண்டால் போதும் என்று எழுதியது அது.

எங்கள் வீட்டு அலமாரியில் மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் தமிழ்ப் புத்தகங்கள்தான் நிறைந்திருந்தன. ஸ்டாலின் படம் சுவரில் மாட்டியிருந்த வீடு. அந்தப் படத்தில் இருப்பவருக்கு ஒரு மகள் உண்டு என்பதே எனக்குக் கல்லூரி நாட்களில்தான் தெரிந்தது. அதன்பிறகு அவர் எழுதியதையும் அவரைப் பற்றி எழுதப்பட்டதையும் தேடித்தேடிப் படித்தேன். எனக்குப் பட்டது ஒன்றுதான்: அந்தப் பெண்ணின் வீட்டு விஷயம் எதுவும் ஒருநாளும் வீட்டு விஷயமாக இருக்க விடப்படவில்லை. அம்மா இறந்தது, காதலித்தது, கல்யாணம், புருஷனின் அஸ்தி, எல்லாமே அரசாங்க விஷயம். இதை வைத்துக்கொண்டு பார்த்தால்தான் 1967இல் அவர் செய்தது புரியும்.

முதலிலிருந்து சொல்கிறேன். பிறந்தது 1926 பிப்ரவரி 28. அம்மா நதேஷ்தா அலிலுயேவா, ஸ்டாலினின் இரண்டாவது மனைவி. வசீலி என்று ஒரு அண்ணன். முதல் மனைவியின் மகன் யாக்கவ் இன்னொரு அண்ணன். வீட்டில் அப்பாவின் செல்லம் இந்தப் பெண்தான். நாட்டில் பிறந்த பெண் குழந்தைகளுக்கு ஸ்வெத்லானா என்று பெயர் வைப்பது பரவியது. அவர் பெயரில் ஒரு வாசனைத் திரவியம்கூட வந்தது. அந்தப் பெயரைத் தெரிந்தவர்கள் கோடிக்கணக்கானோர். அந்தக் குழந்தையைத் தெரிந்தவர்கள் ஒரு வீடு கொள்ளும் அளவுக்குத்தான்.

அப்பாவும் மகளும் ஒரு விளையாட்டு விளையாடுவார்கள். வீட்டுக்கு அவள்தான் எஜமானி. அவள் போடும் உத்தரவுக்கு அப்பா கீழ்ப்படிய வேண்டும். அப்பாவின் பதவி 'முதல் செயலாளர்', மற்ற பெரிய தலைகள் எல்லாம் அடுத்தடுத்த செயலாளர்கள். உத்தரவைக் காகிதத்தில் எழுதி, சாப்பாட்டு மேசைக்கு மேலே, தொலைபேசிக்குப் பக்கத்துச் சுவரில் குண்டூசியால் குத்தி வைப்பாள். 1934 அக்டோபர் 21 தேதியிட்ட ஒரு தாள் இன்றும் பேசப்படுகிறது. உத்தரவு எண் 4. 'என்னையும் உங்களோடு கூட்டிப் போகும்படி உத்தரவிடுகிறேன்.' கீழே எஜமானியின் கையெழுத்து. அதற்கும் கீழே அப்பாவின் எழுத்து: 'பணிகிறேன்.'

அந்தத் தேதியை இன்னொரு முறை பாருங்கள். அப்போது அவளுக்கு எட்டு வயது. அம்மா இறந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. 1932 நவம்பரில், புரட்சியின் 15ஆம் ஆண்டு விழாவை ஒட்டி நடந்த விருந்தில் எல்லோர் முன்னாலும் கணவனோடு மனத்தாங்கல். நதேஷ்தா எழுந்து போய்விட்டார். அன்றிரவு தன் அறையில் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டார். குடல்வால் நோயில் போய்விட்டார் என்று பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். 'என்னையும் கூட்டிப் போங்கள்' என்ற அந்த ஒரு வரி விளையாட்டுதான். ஆனாலும் அதை விளையாட்டாக மட்டும் என்னால் படிக்க முடியவில்லை.

உண்மை அவருக்குத் தெரியவந்த விதம் கொடுமை. போர்க்காலம். பதினாறு வயதை ஒட்டிய பருவம். ஆங்கிலம் பழகுவதற்காக இங்கிலாந்து, அமெரிக்கப் பத்திரிகைகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். அப்பாவைப் பற்றி ஒரு கட்டுரை. ஊர் அறிந்த சங்கதி போல, போகிறபோக்கில் ஒரு வாக்கியம்: மனைவி தற்கொலை செய்துகொண்டார். பெற்ற தாய் எப்படிச் செத்தாள் என்பதை அந்நிய நாட்டுப் பத்திரிகை வாசகர்கள் அத்தனை பேரும் அவருக்கு முன்பே தெரிந்து வைத்திருந்தார்கள்.

இதற்கு நடுவே உறவினர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். தூக்கி வளர்த்த ஸ்வானிட்சே மாமாவும் அத்தையும் 1937இல் கைதாகி, சில வருஷம் கழித்துச் சுடப்பட்டார்கள். பெரியம்மாவின் கணவர் ரெதென்ஸ் 1940இல் சுடப்பட்டார். பள்ளித் தோழிகளின் அப்பாக்களும் மறைந்தார்கள். ஒருமுறை ஒரு தோழி தன் அம்மா எழுதிய கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள்: அப்பாவைப் பிடித்துப் போய்விட்டார்கள், உன் அப்பாவிடம் கொடு. சாப்பாட்டு மேசையில், எல்லோரும் இருக்கும்போது, ஸ்வெத்லானா அதை நீட்டினார். அந்த மனிதர் சில நாளில் வீடு திரும்பிவிட்டார். ஆனால் மகளுக்குத் திட்டு. இனி யாரிடமும் கடிதம் வாங்கி வரக்கூடாது, நீ தபால்பெட்டி இல்லை. ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் கைக்கு அவ்வளவு பலம் இருந்தது. அந்தப் பலத்தைப் பூட்டி வைக்கச் சொன்னார்கள். இதை நினைத்தால் எனக்கு அவர்மேல் இரக்கம் வராமல் இல்லை. அந்த இரக்கத்தைக் கடிதம் கொடுக்க முடியாமல் போன மற்றக் குழந்தைகளிடம் எப்படிச் சொல்வது என்பதும் தெரியவில்லை.

காதலுக்கும் இதே கதிதான். அலெக்சேய் காப்லர், பெயர் பெற்ற திரைக்கதை எழுத்தாளர், வயது நாற்பதை நெருங்கியவர். 1942 கடைசியில் பழக்கம். படம் பார்ப்பது, கவிதை படிப்பது, மாஸ்கோ தெருக்களில் நடப்பது. இருவருக்கும் பின்னால் சில அடி தள்ளி மெய்க்காவலர் நடந்து வருவார். குளிரில் அந்த ஆளுக்கும் காப்லர் சிகரெட் பற்றவைத்துக் கொடுப்பாராம். ஸ்டாலின்கிராட் போர்முனைக்குப் போன காப்லர், ஒரு லெப்டினன்ட் காதலிக்கு எழுதுவது போலக் கட்சி நாளேடான பிராவ்தாவில் ஒரு கட்டுரை எழுதினார். மாஸ்கோவில் இப்போது பனி பெய்யும், உன் ஜன்னலிலிருந்து கிரெம்ளின் மதில் தெரியும் என்று அதில் ஒரு வரி. அந்த ஜன்னல் யாருடையது என்று தெரிய வேண்டியவர்களுக்குத் தெரிந்துவிட்டது. 1943 பிப்ரவரி 28, அவருடைய பதினேழாவது பிறந்தநாள். கடைசியாகச் சந்தித்தார்கள். பக்கத்து அறையில் மெய்க்காவலர் உட்கார்ந்திருந்தார். இரண்டொரு நாளில் காப்லரை இங்கிலாந்து உளவாளி என்று பிடித்துக்கொண்டு போனார்கள். வடக்கே வர்குதாவுக்கு ஐந்து வருஷம். அது முடிந்து மாஸ்கோ பக்கம் தலைகாட்டியதற்கு இன்னும் ஐந்து. மகளின் அறைக்கு வந்த அப்பா, வாழ்க்கையில் முதல்முறையாக அவளைக் கன்னத்தில் அறைந்தார். கண்ணாடியில் உன் மூஞ்சியைப் பார், உன்னை யாருக்கு வேண்டும் என்ற பொருளில் சொன்னதை அவர் பிறகு எழுதியிருக்கிறார்.

இலக்கியம் படிக்க ஆசைப்பட்டார். அப்பா வரலாறு படி என்றார், வரலாறு படித்தார். 1944இல் கிரிகோரி மரோசவ் என்ற யூத மாணவரைக் கல்யாணம் செய்துகொண்டார். வேண்டுமானால் செய்துகொள், அவன் என் வீட்டுப் படி ஏறக்கூடாது என்றார் அப்பா. அந்த மருமகனை ஸ்டாலின் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. 1945இல் மகன் பிறந்தான், இயோசிஃப் என்று தாத்தாவின் பெயரையே வைத்தார். அந்த மணம் முறிந்தது. 1949இல் கட்சித் தலைவர் ஷ்தானவின் மகன் யூரியோடு இரண்டாவது மணம். அது அப்பாவுக்குப் பிடித்த சம்பந்தம். 1950இல் மகள் காத்யா. அதுவும் நிலைக்கவில்லை.

1953 மார்ச் 5 அன்று அப்பா இறந்தபோது கூடவே இருந்தார். அந்தக் கடைசி நிமிஷங்களை அவர் எழுதியதைப் போல வேறு யாரும் எழுதியதில்லை. மூச்சு அடைத்துக்கொண்டு வருகிறது, திடீரென்று கண் திறக்கிறது, சுற்றி நின்ற எல்லோர் மேலும் அந்தப் பார்வை போகிறது. இடது கை மேலே எழுகிறது. எதையோ காட்டுகிறாரா, எல்லோரையும் சபிக்கிறாரா என்று தெரியவில்லை. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பாசமும் பயமும் ஒன்றாகக் கலந்த மகள் ஒருத்தி எழுதினால் மட்டுமே இப்படி எழுத வரும்.

அதே மார்ச்சில்தான், நாலு நாள் முன்னால் பிறந்த தன் மகனுக்குக் கருணாநிதி ஸ்டாலின் என்று பெயர் வைத்தார். நம் ஊரில் அந்தப் பெயர் அன்றாடம் கூப்பிடும் பெயராகிவிட்டது. அதை முதலில் சுமந்த குடும்பத்துப் பெண்ணோ 1957இல் அதைக் கழற்றி வைத்துவிட்டு அம்மாவின் குடும்பப் பெயரான அலிலுயேவாவை எடுத்துக்கொண்டார். அதற்கு முந்தைய வருஷம்தான் குருஷேவ் 20ஆவது கட்சி மாநாட்டில் ஸ்டாலினின் குற்றங்களைப் போட்டு உடைத்தார். மாநாட்டில் வாசிப்பதற்கு முன்பே கட்சியின் மூத்த தலைவர் மிக்கோயான் ஸ்வெத்லானாவைக் கூப்பிட்டு அந்த உரையைப் படிக்கக் கொடுத்தார். அதில் இருந்ததெல்லாம் உண்மை என்றுதான் தனக்குப் பட்டது என்று எழுதியிருக்கிறார். அதைவிடக் கொடுமையான வாசிப்பு ஒரு மகளுக்கு வாய்க்காது. 1962இல் தேவாலயத்துக்குப் போய் ஞானஸ்நானம் பெற்றார், அதுவும் ரகசியமாக.

இனி இந்தியக் கதை. இதில் நான் கொஞ்சம் நிதானிக்கப் போகிறேன்.

1963 அக்டோபர். கட்சிக்காரர்களுக்கான மருத்துவமனையில் தொண்டை அறுவைச் சிகிச்சைக்குப் படுத்திருந்தார். நடைக்கூடத்தில் ஒரு இந்தியரைப் பார்த்தார். பிரஜேஷ் சிங். உத்தரப் பிரதேசத்தில், பிரதாப்கர் மாவட்டத்தில், கங்கைக் கரையில் உள்ள காலாகாங்கர் ஜமீன் குடும்பத்தில் பிறந்து கம்யூனிஸ்டான மனிதர். மென்மையாகப் பேசுபவர், நுரையீரல் நோயாளி, ஸ்வெத்லானாவைவிடப் பதினைந்து வயதுக்கு மேல் மூத்தவர். தாகூரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். இந்தப் பெண் யாருடைய மகள் என்று தெரிந்தபோதும் அவர் 'ஓ' என்றதோடு சரி, மேற்கொண்டு கேட்கவில்லை என்கிறார் ஸ்வெத்லானா. முப்பத்தேழு வருஷத்தில் அந்தப் பெயரைக் கேட்டு முகம் மாறாத மனிதரை அவர் பார்த்தது அபூர்வம்.

சிங் இந்தியா திரும்பினார். மறுபடி மாஸ்கோ வர அனுமதி கிடைக்க ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தடித்தார்கள். 1965 ஏப்ரலில் வந்து முன்னேற்றப் பதிப்பகத்தில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தார், இந்திப் பிரிவில். நம் வீடுகளுக்குத் தமிழில் வந்த புத்தகங்களை அச்சிட்ட அதே பதிப்பகம். கல்யாணம் செய்துகொள்ள நினைத்தார்கள். நாற்பதைத் தொடும் ஒரு பெண், இரண்டு பிள்ளைகளின் தாய், அதற்காகப் பிரதமர் கொசிகினைப் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. அவர் முடியாது என்றுவிட்டார். இந்த நோயாளிக் கிழவர் உங்களுக்கு எதற்கு, சட்டப்படி மணந்தால் உங்களை இந்தியாவுக்குக் கூட்டிப்போக அவருக்கு உரிமை வந்துவிடும் என்பதே பதில். அப்பா காலத்தில் அப்பா தடுத்தார். அப்பா போன பிறகு அரசாங்கம் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது.

1966 அக்டோபர் 31 அன்று மாஸ்கோவில் பிரஜேஷ் சிங் இறந்தார். அஸ்தியைக் கங்கையில் கரைக்கத் தானே எடுத்துப்போக வேண்டும் என்றார் ஸ்வெத்லானா. பத்திரிகைக்காரர்களோடு பேசக்கூடாது, குறித்த காலத்தில் திரும்ப வேண்டும் என்ற கட்டுப்பாடுகளோடு அனுமதித்தார்கள். துணைக்கு என்று சொல்லி ஒரு அம்மாளையும் கூட அனுப்பினார்கள். டிசம்பரில் டெல்லி வந்து இறங்கினார். நாற்பது வயதில் தன் இஷ்டப்படி செய்த முதல் பயணம், கையில் ஒரு அஸ்திக் கலசம்.

காலாகாங்கரில் சிங்கின் சகோதரர் குடும்பத்தோடு தங்கினார். வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் கங்கை. விசாக்காலத்தை நீட்டி நீட்டி இரண்டு மாதத்துக்கு மேல் அங்கேயே இருந்தார். இங்கேயே இருந்துவிடலாமே என்ற ஆசை அங்கேதான் வேர்விட்டது. குடும்பத்தின் இன்னொரு பிள்ளையான தினேஷ் சிங் அப்போது மத்திய அரசில் வெளியுறவுத் துறை இணை அமைச்சர். அவர் மூலமாகத் தூது விட்டுப் பார்த்தார். 1967 தேர்தல் நேரம். பிரசாரத்துக்காகப் பிரதமர் இந்திரா காந்தியே காலாகாங்கர் வந்தார். அங்கே இருவரும் சந்தித்தார்கள்.

அந்தச் சந்திப்பை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். இருவருமே தலைவர்களின் மகள்கள். இருவருமே அம்மாவை இழந்தவர்கள். இருவரையுமே அப்பாக்கள் கடிதங்களால் கொஞ்சினார்கள். நேரு 1928இல் முசூரியில் இருந்த பத்து வயது மகளுக்கு எழுதிய கடிதங்களை நம் பள்ளிப் பிள்ளைகளும் படித்தார்கள். ஒருவருக்கு அப்பாவின் பெயர் ஏணியாகிவிட்டது. இன்னொருவருக்கு அது காலில் கட்டிய கல். ஏணியில் நின்றவர் கல்லை அவிழ்க்கவில்லை.

ஏன் என்றால், காரணம் எளிது. அந்த வருஷங்களில் ஆயுதம், எஃகு ஆலை, காஷ்மீர் பிரச்சினையில் ஐக்கிய நாடுகள் சபையில் ஆதரவு என்று இந்தியா மாஸ்கோவை நம்பியிருந்தது. பாகிஸ்தானோடு செய்த தாஷ்கண்ட் ஒப்பந்தம் முடிந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது, அதை முன்னின்று நடத்தியவரும் இதே கொசிகின்தான். மாஸ்கோவின் சம்மதம் இல்லாமல் ஸ்டாலின் மகளை வைத்துக்கொள்ள டெல்லி துணியவில்லை. அரசியல் கணக்காகப் பார்த்தால் எனக்குப் புரிகிறது. ஆனாலும் புருஷன் வீட்டில் இருக்கிறேன் என்று கேட்ட ஒரு விதவைக்கு, இந்த நாட்டில், அதுவும் நாம், இடம் இல்லை என்றோம். அது எனக்கு இன்றும் உறுத்துகிறது. சோஷலிஸ்ட் தலைவர் ராம் மனோகர் லோகியா அவரைப் போய்ப் பார்த்துப் பேசியவர். அவர்தான் பிறகு நாடாளுமன்றத்தில் இதைக் கிளப்பி அரசைக் கேள்வி கேட்டார். காரியம் கைமீறிப் போன பிறகு.

1967 மார்ச் 6, திங்கட்கிழமை. டெல்லி சோவியத் தூதரக விருந்தினர் விடுதி. புதன்கிழமை மாஸ்கோ விமானம். பயணத்துக்காகக் கடவுச்சீட்டைக் கையில் கொடுத்திருந்தார்கள். மாஸ்கோவில் எழுதிய அந்தக் கையெழுத்துப் பிரதியும் கைவசம் இருந்தது. மாஸ்கோவில் இந்தியத் தூதராக இருந்த டி. என். கவுல் அதை முன்பே பத்திரமாக வெளியே கொண்டுவந்து, டெல்லியில் அவரிடம் திருப்பித் தந்திருந்தார். மாலை மங்கியதும் ஒரு சிறிய பெட்டியோடு வெளியே வந்தார். வாடகைக் கார் பிடித்தார். அமெரிக்கத் தூதரகம் கூப்பிடு தூரம்தான். வாசலில் காவலுக்கு நின்ற வீரர் தூதரகம் மூடிவிட்டது என்றார். இவர் சோவியத் கடவுச்சீட்டை நீட்டினார்.

உள்ளே இருந்தவர்களுக்கு முதலில் நம்பிக்கையே வரவில்லை. ஸ்டாலினுக்கு இப்படி ஒரு மகள் இருப்பதற்கே அவர்களிடம் சரியான ஆவணம் இல்லை. தூதர் செஸ்டர் பவுல்ஸ் வாஷிங்டனின் பதிலுக்குக் காத்திருக்காமல் முடிவெடுத்தார். அன்று நள்ளிரவு தாண்டியதும் ஒரு அமெரிக்க அதிகாரி துணையோடு ஸ்வெத்லானா ரோமுக்கு விமானம் ஏறினார். வாஷிங்டனும் உடனே வா என்று அழைக்கவில்லை. அங்கேயும் மாஸ்கோவோடு உறவு கெட்டுவிடுமே என்ற கணக்குதான். ஆறு வாரம் சுவிட்சர்லாந்தில் ஒளிந்திருந்து, ஏப்ரல் 21 அன்றுதான் நியூயார்க்கில் இறங்கினார்.

மாஸ்கோவில் இயோசிஃபுக்கு 21 வயது. காத்யாவுக்கு 16. அம்மா அந்த வாரம் வந்துவிடுவார் என்றுதான் இருந்தார்கள்.

இந்த இடத்தில் நான் அவருக்காக வாதாடப் போவதில்லை. வளர்ந்த பிள்ளைகள்தான், உறவினர்கள் பார்த்துக்கொள்வார்கள், விட்டுப் போனாலும் ஒருவரை ஒருவர் மறக்க மாட்டோம் என்றெல்லாம் அவர் எழுதியதைப் படித்திருக்கிறேன். பதினாறு வயதில் அம்மாவைப் பற்றிய உண்மையை அந்நியர் எழுதித் தெரிந்துகொண்ட வேதனை அவருக்குத் தெரியும். அதே பதினாறு வயதில் தன் மகளும் அம்மா போன செய்தியை அப்படித்தான் ஊரார் வழியாகக் கேட்க நேர்ந்தது. தனக்கு நடந்ததைத் தன் பிள்ளைக்கு நடக்கவிட்டார். சுயநலம் என்று நீங்கள் சொன்னால் மறுக்க எனக்கு வார்த்தை இல்லை. ஆனால் மாஸ்கோவுக்குத் திரும்பியிருந்தால் இன்னொரு முறை வெளியே வர விட்டிருக்க மாட்டார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. இரண்டு நாளில் முடிவெடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஏதோ ஒன்று அறுபடும்.

பிறகு நடந்ததில் அவர் மேல் போட்ட சேற்றையும் சொல்ல வேண்டும். அந்த ஜூனில் ஐக்கிய நாடுகள் சபைக்கு வந்த கொசிகின், பத்திரிகையாளர்கள் கேட்டதற்கு, ஒழுக்கத்தில் நிலையில்லாதவர், நோயாளி என்றார். மாஸ்கோ வீட்டு இழுப்பறையில் இருந்த குடும்பப் படங்கள் மேற்குநாட்டுப் பத்திரிகைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. 1969இல் குடியுரிமையைப் பறித்தார்கள்.

பணம் வந்தது நிஜம், சுமார் 15 லட்சம் டாலர். முதலில் செய்த செலவுகளில் ஒன்று காலாகாங்கரில் பிரஜேஷ் சிங் பெயரில் ஒரு மருத்துவமனை. தன்னை வைத்துக்கொள்ளாத நாட்டுக்கு அவர் செய்தது அது. 'காசு பார்த்தார்' என்று சொல்பவர்கள் இதையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

மீதி எங்கே போனது? 1970இல் கட்டிடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட்டின் மனைவி ஒல்கிவானா, அரிசோனாவில் தன் ஆசிரமம் போன்ற குடியிருப்புக்கு அவரை விருந்தாளியாக அழைத்தார். அந்த அம்மாளுக்கு ஸ்வெத்லானா என்று ஒரு மகள் இருந்தாள். 1946இல் கார் விபத்தில் இறந்துபோனவள். அவளுடைய கணவர் வெஸ்லி பீட்டர்ஸ் அங்கேயே இருந்தார். இறந்த மகளின் பெயரோடு ஒரு பெண் வந்ததை அந்த அம்மாள் தெய்வச் செயலாக நினைத்தார். மூன்றே வாரத்தில் ஸ்வெத்லானாவுக்கும் பீட்டர்ஸுக்கும் கல்யாணம். அவர் லானா பீட்டர்ஸ் ஆனார். இவரிடம் இருந்த பணத்தின் பெரும்பகுதி கணவரின் கடன்களை அடைப்பதில் கரைந்தது. அந்தக் குடியிருப்பில் எல்லோரும் சேர்ந்தே சாப்பிட வேண்டும், எல்லாம் பொது, எல்லாவற்றுக்கும் தலைவியின் அனுமதி வேண்டும். அப்பாவின் வீட்டுக்கே திரும்பி வந்ததுபோல் இருந்தது என்ற பொருளில் பிறகு பேசியிருக்கிறார். 1971இல் ஒரு பெண் குழந்தை. அந்தக் குழந்தையோடு அங்கிருந்தும் வெளியேறினார். வேறொரு ஸ்வெத்லானாவின் இடத்தில் உட்கார வைக்கத்தான் அங்கேயும் கூப்பிட்டிருந்தார்கள். கிரெம்ளினை விட்டு அவ்வளவு தூரம் வந்தும் அவரை அவராக யாரும் கூப்பிடவில்லை.

1984இல் அந்த 13 வயது மகளோடு சோவியத் நாட்டுக்கே திரும்பினார். மேற்கில் ஒருநாள்கூடச் சுதந்திரமாக இருந்ததில்லை என்று மாஸ்கோவில் பேட்டி கொடுத்தார். உண்மையான காரணம் இயோசிஃபும் காத்யாவும் என்றுதான் நான் நினைக்கிறேன். பதினேழு வருஷம் கழித்து இயோசிஃப் வந்து பார்த்தார். பேச்சு ஒட்டவில்லை. கம்சாத்காவில் எரிமலை ஆராய்ச்சியில் இருந்த காத்யா வரவே இல்லை. மன்னிக்க முடியாது என்று ஒரு கடிதம்தான் வந்தது. கொஞ்ச நாள் ஜார்ஜியாவில் திபிலிசியில் வாழ்ந்து பார்த்தார். 1986இல் மறுபடி அமெரிக்கா. கடைசிக் காலம் விஸ்கான்சினில், கையில் பெரிதாகப் பணம் இல்லாமல். 2011 நவம்பர் 22 அன்று ரிச்லண்ட் சென்டர் என்ற சிற்றூரில் புற்றுநோயால் இறந்தார். வயது 85.

அவர் புத்தகத்தைப் படிக்க நினைத்தால், ஸ்டாலின் செத்த இடத்தைத் தேடி ஓடாதீர்கள், அதை எல்லோரும் படித்துவிட்டார்கள். இறுதிப் பகுதிக்குப் போங்கள். அங்கே அலெக்சாந்திரா அந்திரேயெவ்னா என்ற ஆயாவைப் பற்றி எழுதியிருக்கிறார். ஸ்வெத்லானா பிறந்த 1926இல் அந்த வீட்டுக்கு வந்த கிராமத்துப் பெண். நதேஷ்தா இறந்த பிறகும், மாமன் அத்தைகள் மறைந்த பிறகும், வீட்டு ஆட்கள் அத்தனை பேரையும் மாற்றிக் காவல்துறைக்காரர்களைக் கொண்டுவந்து நிரப்பிய பிறகும் அந்த ஒருத்தி மட்டும் இருந்தாள். அவளையும் அனுப்பப் பார்த்தார்கள். மகள் அழுதாள், அந்த அழுகையை அப்பாவால் தாங்க முடியவில்லை, விட்டுவிட்டார். பிறகு ஸ்வெத்லானாவின் பிள்ளைகளையும் அந்த ஆயாதான் வளர்த்தாள். அவள் ஒருத்தி இல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும் என்கிறார். ஆயா 1956இல் இறந்தாள். மாஸ்கோ நவோதேவிச்சி இடுகாட்டில், நதேஷ்தாவின் கல்லறைக்கு அருகிலேயே அவளைப் புதைத்தார்கள்.